ஹவர்காரரைத் தோற்கடித்த டயர்

டயரைப் பார்த்தே ஆளின் ஜாதகத்தைச் சொல்லக்கூடியவர் இந்தத் தமிழ்நாட்டில் ஒரே ஒருத்தர்தான். அவர் நெய்வேலி ஹவர்காரர். மனுஷர் முகம் அவருக்கு ஞாபகம் இருக்காது. எதிரில் நின்று வணக்கம் வைத்தால் திருதிருவென்று முழிப்பார். வண்டியைக் காட்டினால் போதும், "ஓ, இவுரா! வூட்ல சண்ட போட்டுட்டு வண்டிய எடுக்கறவராச்சே" என்பார். எப்படித் தெரியும் என்று கேட்டால், "டயரப் பாரு. கெளம்பும்போதே ரோட்டக் கீறிகினு கெளம்பறாரு. சந்தோசமா இருக்கறவன் அப்டியா கெளம்புவான்?" என்பார்.

அவர் நிஜப் பெயர் எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. அவர் மனைவியிடம் ஒருநாள் கேட்டேன். "எனக்கே அப்பப்ப மறந்துபோவுதுடி செல்வி. ரேஷன் கார்டப் பாத்துதான் சொல்லணும்" என்றார் அத்தை.

ஹவர்காரர் என்ற பேர் வந்தது மைன்ஸில் இருந்து. அங்கே பெரிய மெஷின்களுக்கு டயர் மாட்டுகிற இடத்தில் பதினான்கு வருஷம் காண்டிராக்ட் வேலை பார்த்தார். அந்த டயர்கள் ஆளைவிட உயரம். ஒரு டயருக்குள்ளே உட்கார்ந்து நாலு பேர் சோறு சாப்பிடலாம். அந்த டயரின் வயதைக் கிலோமீட்டரில் சொல்ல மாட்டார்களாம். எத்தனை மணி நேரம் ஓடியது என்று ஹவரில்தான் கணக்கு. பர்மனென்ட் ஆகாமலே வெளியே வந்தவர், வரும்போது கையோடு கொண்டுவந்தது அந்த ஹவர் ஒன்றைத்தான்.

டவுன்ஷிப்புக்குள் நுழைகிற ஆர்ச்சுக்கு முன்னால் தகரக் கொட்டகை போட்டார். காற்றடிப்பது, பஞ்சர் ஒட்டுவது, டயர் கழற்றி மாட்டுவது. புது டயர் அவர் விற்பதில்லை. ஆனால் புது டயர் வாங்க வேண்டுமென்றால் டவுன்ஷிப்பில் பாதிப் பேர் அவரைத்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு கடலூருக்குப் போவார்கள். கமிஷன் கிடையாது. வழியில் ஒரு டீ, ஒரு வடை. வடையை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இது காலைல போட்டது" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அவருக்கு எல்லாமே ஹவர்தான். அத்தை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "செருப்பு வாங்கி எவ்ளோ நாளாச்சின்னு கேட்டேன். நடந்தது முன்னூறு ஹவரு, வாசல்ல கெடந்தது சேக்கக் கூடாதுன்றாரு. சரி, நமக்குக் கல்யாணம் ஆயி எவ்ளோ வருசம்னு கேட்டேன். 'பேசிகினு இருந்த ஹவரா, பேசாம இருந்த ஹவரா'ன்னு கேக்கறாருடி!"

ஒருமுறை ரிட்டயர் ஆன ஆபீசர் ஒருத்தர் காரோடு வந்தார். ஊரிலேயே ரொம்ப நாள் உழைக்கிற டயர் எதுவோ அதுதான் வேண்டும் என்றார். விலை எவ்வளவு ஆனாலும் பரவாயில்லையாம். ஹவர்காரர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"சார், வண்டி எங்க எங்க போவுது?"

"வாரத்துக்கு ஒரு வாட்டி மார்க்கெட். வெள்ளிக்கிழமை கோயில்."

"அப்ப உங்களுக்கு அந்த டயரு வேணாங்க."

"ஏன்? காசு நான்தானே கொடுக்கிறேன்?"

"அது ஓடி ஓடித் தேயறவனுக்குங்க சார். உங்க வண்டி நிக்கறதுக்குன்னே பொறந்தது. நிக்கற டயரு தேயாது, வெடிப்பு வுட்டுத்தான் சாவும். சாதாரண டயரே போட்டுக்குங்க. அதுகூட உங்களுக்கு ஜாஸ்தி."

ஆபீசருக்குக் கோபம் வந்துவிட்டது. வீட்டுக்குப் போய் யோசித்திருப்பார் போல. மறுநாள் அவரைக் கடலூருக்குக் கூட்டிப்போய்ச் சாதாரண டயரே வாங்கிக்கொண்டு, கூடவே தினமும் காலையில் காரை எடுத்துக்கொண்டு டவுன்ஷிப்பை ஒரு சுற்றுச் சுற்ற ஆரம்பித்தார். "நம்ம வண்டி நிக்கறதுக்குப் பொறந்ததாம்ல" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஹவர்காரரின் மகளைப் பெண் பார்க்க வந்தபோது நடந்ததை நெய்வேலியில் இன்னும் பேசுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் உள்ளே பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார்கள். பெண்ணின் அப்பாவைக் காணோம். தேடிப் போனால், வாசலில் மாப்பிள்ளையின் பைக்கடியில் குப்புறப் படுத்துக்கொண்டு கிடக்கிறார். எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு உள்ளே வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, காத்து யாரு புடிக்கறது?"

"நான்தாங்க. பாஞ்சி நாளுக்கு ஒரு வாட்டி செக் பண்ணிடுவேன்."

"டயருக்குக் காத்தடிக்கற வாயில மூடிகூட ரெண்டும் இருக்குது. கட்டிக் குடுத்துடலாம்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். சம்பளம், வீடு எதையும் கேட்கவில்லை. அந்தப் பெண் இன்றைக்குக் குறிஞ்சிப்பாடியில் இரண்டு குழந்தைகளோடு ராணி மாதிரி இருக்கிறாள்.

இப்படிப்பட்ட மனுஷரோடு சண்டை போட்டுக்கொண்டு ஒன்றரை வருஷம் பேசாமல் இருந்தவன் எங்கள் சேகர். என் கூடப் பிறந்தவன். என்னைவிட நாலு வயது பெரியவன். முத்தாண்டிக்குப்பத்தில் இருந்து தினமும் காலை ஷிப்டுக்கு நாலு பெண்களை டவுன்ஷிப் கேன்டீனுக்குக் கொண்டுபோய் விட்டு, திரும்பக் கூட்டிவருவது அவன் வேலை. இடையில் கிடைக்கிற சவாரியும் போவான். மூன்று லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடின பழைய வெள்ளைக் கார்.

சண்டை டயரால்தான். பழைய டயர் தேய்ந்ததும் ஹவர்காரரைக் கேட்காமல் சேகர் தானாகப் போய் நாலு டயர் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். பளபளவென்று, புது டயருக்கு இருக்கிற ரப்பர் மீசை மயிரெல்லாம் அப்படியே இருந்தது. ஹவர்காரர் டார்ச் அடித்து, டயர் பக்கவாட்டில் இருக்கிற நாலு நம்பரைப் படித்தார். முதல் இரண்டு எந்த வாரம் செய்தது, அடுத்த இரண்டு எந்த வருஷம் என்று அதிலேயே இருக்கும்.

"இது நாலு வருசம் குடோன்ல தூங்குன டயருடா. மீச இருந்தா எளந்தாரி ஆயிடுவானா? உன் ஓட்டத்துக்கு ஆயிரம் ஹவரு தாங்காது."

சேகருக்கு ரோஷம். "யோவ் ஹவரு, மைன்ஸு டயரப் பாத்த கண்ணால காரு டயரப் பாக்காத. ஆயிரம் தாண்டிக் காட்றன். அன்னிக்கி நீ இன்னா பண்ற?"

"தாண்டட்டும், என் வாயால நானே வந்து தோத்துட்டன்னு சொல்றன்."

"அது வரைக்கும் உன் கடைல காத்துகூடப் புடிக்க மாட்டன்."

அப்புறம் தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தான் போவான். ஹவர்காரர் வேலையை விட்டுவிட்டு எழுந்து நின்று டயரைப் பார்ப்பார். சேகர் விறைப்பாக அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வான். வண்டியில் வருகிற பவுனக்கா, "ரெண்டு பேரும் சம்பந்தி மாரி மொறைச்சிகினு நிக்கறானுங்க" என்று தினமும் சிரிப்பார்.

போன வருஷம் மழைக்காலத்தில் சேகருக்கு மஞ்சள் காமாலை. பதினோரு நாள்தான். அதைப் பற்றி எழுத எனக்கு வராது.

எடுக்கிற அன்றைக்கு வீட்டு வாசலில் அமரர் ஊர்தி வந்து நின்றது. ஏற்றுகிற நேரத்தில் ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தால், ஊர்தியின் முன்சக்கரத்துக்கு முன்னால் ஹவர்காரர் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார்.

"இந்த டயருல ஏத்தாதீங்க. கம்பி தெரியுது பாருங்க" என்கிறார்.

ஆட்கள் திட்டினார்கள். எங்கள் சித்தப்பா அடிக்கவே போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய்க் கத்தினேன்.

"போனவனுக்கு இன்னா டயரு இருந்தா இன்னா? இங்க வந்தும் உனுக்கு அதானா? மனுசனாய்யா நீ?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. டயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவன் பஞ்சராயி ஒரு நாளு ரோட்ல நின்னதில்ல பாப்பா. இன்னிக்கி நிக்கக் கூடாது."

சித்தப்பா விலகி வழிவிட்டார். அவரே ஜாக்கியைப் போட்டார், கழற்றினார், ஊர்தியின் ஸ்டெப்னியை எடுத்து மாட்டினார். பத்து நிமிஷம். ஊரே சுற்றி நின்று, ஒருத்தர் டயர் மாற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. முடித்துவிட்டுக் காலால் இரண்டு உதை உதைத்துப் பார்த்தார். "இப்ப போலாம்" என்றார்.

எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் சேகர்தான். ஒன்பதாவதோடு நின்றுபோனவளுக்கு ஒரு கைத்தொழில் இருக்கட்டும் என்று டவுன்ஷிப்பின் காலி ரோடுகளில் உட்காரவைத்துச் சொல்லித்தந்தான். அவன் போய் இரண்டு மாசம் கழித்து அந்த ட்ரிப்பை நான் எடுத்தேன். அதை விட்டால் வீட்டில் அம்மா முந்திரி உடைக்கிற கூலி ஒன்றுதான்.

நான் ஓட்ட ஆரம்பித்த ஏழாவது மாசம் கேன்டீன் காண்டிராக்ட் சூப்பர்வைசர் எல்லா வண்டியையும் செக் பண்ண வந்தார். டயர் பள்ளத்தில் ஒரு ரூபாய்க் காசைச் செருகிப் பார்ப்பது அவர் வழக்கம். மற்ற வண்டிகளில் காசு நின்றது. எங்கள் வண்டியில் வழுக்கிக் கீழே விழுந்து உருண்டோடியது.

"இன்னா செல்வி இது, டயரா, மொழுமொழுன்னு பூசணிக்காயா? திங்கக்கிழமைக்குள்ள நாலும் மாத்து. இல்லன்னா வேற வண்டி ரெடியா இருக்கு."

மாற்றத்தான் வேண்டும். ஆனால் அந்த நாலையும் சேகர் தன் கையால் முடுக்கினான். அதைக் கழற்ற என் கை போகவில்லை. இரண்டு நாள் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் ஹவர்காரர் கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேன். அன்றைக்குக் கத்தினது நாக்கிலேயே இருந்தது.

"மாமா, டயரு வாங்கணும்" என்றேன்.

அவர் நாலு டயரையும் குனிந்து பார்த்தார். "நாளைக்கிக் காலைல உன் ட்ரிப்புல நானும் வரன். ஓட்டத்தப் பாக்காம டயரு சொல்ல மாட்டன்" என்றார்.

மறுநாள் விடியும் முன்னே முத்தாண்டிக்குப்பத்துக்கே வந்து நின்றார். கையில் ஒரு பை. நாலு பெண்களும் வந்தார்கள். அங்கே ஆரம்பித்தது வம்பு.

"வண்டில தெனமும் ஏறுற எடதான் இன்னிக்கும் ஏறணும். நான் அறுவத்தெட்டு கிலோ. உங்கள்ல அறுவத்தெட்டு கிலோ இருக்கறவங்க யாராச்சும் ஒருத்தர் இன்னிக்கி பஸ்ஸுல வாங்க."

நாலு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

பவுனக்கா இடுப்பில் கை வைத்தார். "யோவ், பொம்பளைங்கள நிக்க வெச்சி எட கேக்கறியா? நான் அம்பத்தஞ்சி."

"அக்கா, நீங்க தெனமும் ஒக்கார்ற பக்கம் ஸ்பிரிங்கு சொல்ற கத வேற."

"ஸ்பிரிங்கு வந்து உங்கிட்ட சொல்லிச்சா? அது வாயில கொள்ளிய வெக்க!"

கடைசியில் ஒல்லியான மலர் அக்கா, "நான் நாப்பத்தாறு, நானே பஸ்ஸுல வரன், சாமி, ஷிப்டுக்கு நேரமாவுது" என்று பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார். ஹவர்காரருக்குத் திருப்தி இல்லை. இருபத்திரண்டு கிலோ அதிகமாகிறதாம். பின்னால் இருந்த ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் தண்ணீர்க் கேனையும் இறக்கி எங்கள் வாசலில் வைத்த பிறகுதான் ஏறினார். பவுனக்கா வழி முழுவதும் அவரோடு பேசவில்லை.

அவர் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். வேகத்தடை ஒவ்வொன்றுக்கும் விரலை மடக்கினார். லாரியில் இருந்து கரி சிந்தின இடத்தில் மட்டும் கண்ணைத் திறந்து வெளியே பார்த்தார். இறங்கும்போது, "நீயும் அவன மாரிதான் பிரேக் போடற" என்று மட்டும் சொன்னார்.

மதியம் கடலூர் போனோம். டயர் ஷோரூமில் டை கட்டின பையன் ஒருத்தன் அகலமான டயர் ஒன்றைத் தடவிக்கொண்டே ஆரம்பித்தான்.

"இது பாருங்க சார், ஸ்போர்ட்ஸ் மாடல். கார்னர்ல அப்படியே ஒட்டிக்கினு திரும்பும்."

"நெய்வேலில ஏதுப்பா கார்னரு? எல்லாம் ரவுண்டானா" என்றார் ஹவர்காரர். "கம்பெனில போட்டு வுட்ட அளவு எதுவோ அதுதான் வேணும். அகலமாப் போட்டா டீசலத் தின்னும்."

பையன் அடுத்ததைக் காட்டினான். எல்லாவற்றையும்விட அதிகமாக உழைக்குமாம். விலையும் கட்டுப்படியாகிற விலை. எனக்கு அதுதான் பிடித்தது. நான் ஓடுகிற ஓட்டத்துக்கு அடிக்கடி டயர் மாற்ற முடியுமா? "மாமா, இதுவே எடுத்துக்கலாம்" என்றேன்.

ஹவர்காரர் நகத்தால் அழுத்தினார். முகர்ந்துகூடப் பார்த்தார்.

"கல்லு மாரி இருக்குது. தேயாதுதான். ஆனா மொத மழை பேஞ்சா நம்ம ரோட்ல சிந்திக் கெடக்கற கரியெல்லாம் கொழைஞ்சி சோப்பு மாரி ஆயிடும். இந்தக் கல்லு அதுல நிக்காது. வழுக்கிகினு போவும். டயரு மட்டும் பொழச்சிக் கெடந்து, ஓட்டறவ இல்லன்னா, அந்த டயர வெச்சி இன்னா பண்றது?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. திரும்பி, அடுக்கி வைத்திருந்த டயர்களை எண்ணுகிற மாதிரி நின்றுகொண்டார். நானும் ஜன்னலைப் பார்த்தேன். டை கட்டின பையன்தான் பாவம், என்ன ஆயிற்று என்று புரியாமல், "ஏசி கூட்டவா சார்?" என்றான்.

கடைசியில் எடுத்தது நடு ரகம். நன்றாக உழைக்கும், ஈரத்திலும் பிடிக்கும். அதிலும் லேசில் விடவில்லை. அடுக்கில் மேலே இருந்த இரண்டின் நம்பர் பழசு என்று தள்ளினார். அடியில் இருந்து உருவச் சொன்னார். நாலும் ஒரே மாசத்தில் செய்தவையாக வரும்வரை குடோனையே புரட்டிப் போட்டார். பையன் டையைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டினார். வண்டியை ஜாக்கியில் தூக்கியதும் நான் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். பழைய டயர் முதலாவது தரையில் விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் மற்ற மூன்றும் விழுந்தன.

"பாப்பா, இங்க வா."

நாலு டயரையும் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார். உள்ளங்கையால் ஒவ்வொன்றையும் தடவினார்.

"பாத்தியா? இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே சமமாத் தேஞ்சிருக்குது. நாலும் அப்டியே. ஒரு எடத்துல டக்குனு பிரேக் போட்ட தழும்பு இல்ல. பின்னாடி பொம்பளைங்க ஒக்காந்திருக்காங்கன்னு அவ்ளோ மெதுவா ஓட்டியிருக்கான். பதினாலு வருசம் மைன்ஸுல பாத்தன். இந்த மாரி தேஞ்ச டயர நான் பாத்ததில்ல."

அப்புறம் என்னைக் கொட்டகைக்குள் கூட்டிக்கொண்டு போனார். உள்பக்கச் சுவர் முழுவதும் சாக்பீஸ் கோடுகள். அவர் பார்க்கிற வண்டிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. புது டயர் போட்டால் புது வரிசை. ஒரு வரிசைக்குக் கீழே 'சேகரு' என்று எழுதியிருந்தது. வண்டி கடையைத் தாண்டும்போதெல்லாம், ஒரு ஹவருக்கு ஒரு கோடு என்று கணக்கு வைத்துப் போட்டிருக்கிறார். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனானே, அந்த ஒன்றரை வருஷமும். ஆயிரம் ஹவர் என்று ஒரு இடத்தில் குறுக்கே சிவப்புக் கோடு இருந்தது. அந்த வரிசைக் கோடுகள் அதைத் தாண்டி, மேலே மேலே ஏறி, தகரத்தைத் தொடப் போயிருந்தன. எட்டாமல் டயர்களை அடுக்கி அதன்மேல் ஏறிக் கோடு போட்டாராம். ஒரு இடத்தில் கொஞ்சம் இடைவெளி. அதற்கப்புறம் மறுபடியும் கோடுகள். இடைவெளிக்கு மேலே இருந்ததெல்லாம் நான் ஓட்டினது.

"ஆயிரத்தி அறுநூறு" என்றார். "நான் சொன்னது தப்பில்ல, அது மட்டமான டயருதான். ஓட்டுனவன் ஒசத்தி. தோத்துட்டன்னு அவங்கிட்ட சொல்லணும்னு சிவப்புக் கோடு தாண்டுன அன்னிக்கே நெனச்சன். நாளைக்கிச் சொல்லலாம், நாளைக்கிச் சொல்லலாம்னு..."

மூக்கை உறிஞ்சினார். "இங்க ஒரே ரப்பரு தூளு" என்றார்.

எனக்கும் கண்ணில் அந்த ரப்பர் தூள்தான். "அன்னிக்கி உங்கள ரொம்பப் பேசிட்டன் மாமா" என்றேன்.

"என்னிக்கி?" என்றார். நிஜமாகவே மறந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். மனுஷருக்கு நடிக்கத் தெரியவில்லை.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் காசைச் செருகினார். பாதிக் காசு உள்ளே போய் அசையாமல் நின்றது. "யாரு எடுத்துக் குடுத்தது?" என்றார். ஹவர்காரர் என்றேன். சட்டென்று காசை எடுத்துக்கொண்டு தன் பைக்கை மரத்துக்குப் பின்னால் தள்ளி நிறுத்தினார். "அந்தாளு கண்ல என் வண்டியக் காட்டிடாத தாயி."

அன்றைக்குத் திரும்பி வரும்போது காற்றுப் பார்க்கக் கடையில் நின்றேன். புது டயருக்குப் புது வரிசை போட்டிருப்பார் என்று சுவரைப் பார்த்தேன். போடவில்லை. சேகர் வரிசையில், தகரத்துக்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில், அன்றைய கோடு ஈரச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருந்தது.

"புது டயருன்னா சைபர்ல இருந்துதானே மாமா?"

"டயருக்கு சைபருதான்" என்றார், நட்டை முடுக்கிக்கொண்டே. "ஓட்டத்துக்கு இல்ல."

தகரத்தைக் கோடு தொட்டதும் பக்கத்துச் சுவருக்குத் திரும்பிவிட்டது. இப்போதும் தினமும் காலையில் அந்தக் கடையைத் தாண்டித்தான் போகிறேன். அவர் வேலையை விட்டுவிட்டு எழுந்து நின்று டயரைப் பார்க்கிறார். நான் சேகர் மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வதில்லை. அந்த இடத்தில் மட்டும் வண்டியை மெதுவாக விடுகிறேன். மாமா நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும்.